கடைசிப் படி

ஜூன் 3, செவ்வாய்

க்ளினிக்கில் இன்று நல்ல கூட்டம். பல்வலிக்காரர்களைப் போலக் கோபக்காரர்கள் உலகத்தில் கிடையாது. உள்ளே டாக்டர் ஒருவருடைய வாயைத் திறக்க வைத்துக்கொண்டிருந்தால், வெளியே பத்துப் பேர் என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறார்கள். நான் டோக்கன் கொடுப்பவள். என் உத்தியோகமே ஒரு வாக்கியம்தான்: "உட்காருங்க, கூப்பிடுவாங்க." எப்போது கூப்பிடுவார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க இதற்காகத்தான் ஓடுகிறேன் போல. சாயங்காலம் வெயில் எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால் போய்விடும், படி மட்டும் இன்னும் இளஞ்சூடாக இருக்கும். இரண்டு வாய் குடிப்பதற்குள் மைக்கு வந்தாள். "நகருடி" என்றாள். திரும்பிப் பார்க்காமலே நகர்ந்தேன். உள்ளேயிருந்து இவர் அவளுக்கும் ஒரு தம்ளரை நீட்டிவிட்டு எங்களுக்குப் பின்னால் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

மைக்கு என்று அவளுக்குப் பெயர் வைத்தது இந்தத் தெருதான். தெருமுனையில் நிற்கும் தண்ணீர் லாரியை வீட்டுக்குள் இருந்தே கூப்பிட்டு நிறுத்தக்கூடிய குரல். இப்போது அவள் எங்கள் வார்டு கவுன்சிலர். தேர்தலின்போது வீடு வீடாக அவளுடன் போனவள் நான். "இவளை நம்பிப் போடுங்க, நான் கேரண்டி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது.

இன்றைக்குச் சேதியோடு வந்திருந்தாள். எங்கள் தெருவுக்குப் புது ரோடு. சந்தோஷம் வருவதற்கு முன்னால் என் கண் படிக்குத்தான் போனது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வாசலில் மூன்று படி இருந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டை எடுக்காமல் அதன் தலையிலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். ரோடு ஏறும், வீடு இறங்கும். இரண்டு ரோடு இரண்டு படியை முழுங்கியாயிற்று. மிச்சம் நாங்கள் உட்கார்ந்திருந்த இந்த ஒன்றுதான். தெருவிலேயே தாழ்ந்த வீடு எங்களுடையது. இதுவும் போனால் மழைத்தண்ணீர் நேராக முன்னறைக்குள் வரும். முன்னறைதான் இவருடைய பட்டறை. ரிப்பேருக்கு வந்த ஊரார் மிக்ஸியும் ஃபேனும் தரை முழுக்கப் பரந்து கிடக்கும்.

"எனக்கே பாடம் எடுக்கிறியாடி?" என்றாள் மைக்கு. "பழசைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு. இல்லேன்னா ரோலர் முன்னாடி நானே படுத்துடறேன், போதுமா?"

"நீ படுத்தா ரோலர்தான் ரிப்பேர் ஆகும். அதையும் என்கிட்டதான் கொண்டுவருவாங்க" என்றார் இவர். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜூன் 9, திங்கள்

"ஒரு மனு எழுதிக் குடுத்துடு, கையில இருந்தா பேச வசதி" என்று மைக்கு சொன்னதால் அரை நாள் லீவு போட்டு வார்டு ஆபீஸுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னார்: "உட்காருங்க, கூப்பிடுவாங்க."

அடப்பாவி, என் வசனம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம்தான் சிரிப்பு. மேலே ஒரு ஃபேன் கடகடவென்று ஆடிக்கொண்டே சுற்றியது. இவர் கையில் கிடைத்தால் நொடியில் சரி பண்ணிவிடுவார். குமாஸ்தா சாப்பிடப் போனார், வந்தார், யாருடனோ போனில் கொழுந்தியாள் வீட்டு விவகாரம் பேசினார். கடைசியில் கூப்பிட்டு, "யார் சொல்லி வந்தீங்க?" என்றார். கவுன்சிலர் என்றேன். "அப்போ அவங்களே பார்த்துக்குவாங்களே, மனு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு என் காகிதத்தை ஒரு கட்டின் அடியில் செருகினார். மேலே வைத்திருந்தாலாவது ஃபேன் காற்றில் பறந்து யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

ஜூன் 10

கால்வலி. வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசாங்கம் கொடுக்காத சுகத்தை ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தது.

ஜூன் 20, வெள்ளி

இஞ்சினியர் டேப்போடு வந்து எங்கள் படியை அளந்தார். மைக்கு பக்கத்தில் நின்று தெருவுக்கே கேட்கும்படி "சுரண்டித்தான் போடணும் சார்!" என்று முழங்கினாள். நானும் சும்மா இருப்பேனா? "எங்க டாக்டர் சொத்தையைச் சுரண்டாம பல்லை அடைக்க மாட்டார் சார். மேலாப்ல அடைச்சா உள்ளே அழுகிடும்" என்றேன். நல்ல உதாரணம் சொன்னீங்கம்மா என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாக இருக்கிறது. நம்ம ஆள் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பலம்!

ஜூலை 14, திங்கள்

மைக்கு போன் பண்ணினாள். தனக்கு வேண்டியவர் ஒருவர் நாளைக் காலை பல்வலி என்று வருவாராம், முதல் ஆளாக உள்ளே அனுப்பிவிட வேண்டுமாம். நான் யாருக்கும் இப்படிச் செய்கிறவள் இல்லை. சொந்த நாத்தனார் வந்தபோதே வரிசையில்தான் உட்கார வைத்தேன், இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் மைக்கு கேட்கிறாளே. சரி என்றேன்.

"நாளைக்கு லீவு கீவு போட்டுடலையே?" என்று வேறு கேட்டாள். பாவம், அந்த ஆளுக்கு அவ்வளவு வலி போல.

ஜூலை 15

எழுதிடறேன். எழுதலேன்னா யாரையாவது அடிச்சிடுவேன்.

காலையில வந்தான் அந்த ஆள். ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. முதல் டோக்கன் குடுத்தேன். விடியறதுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நான்தானே முதல்ல வந்தேன்"னு கேட்டாங்க. அவங்ககிட்ட என்ன சொன்னேன்? "உட்காருங்கம்மா, கூப்பிடுவாங்க." உள்ளேயிருந்து அவன் பேசினது எனக்கு நல்லாக் கேட்டது. "நல்லா சுரண்டி எடுத்துட்டு அடைங்க டாக்டர், மேலாப்ல பூசி அனுப்பிடாதீங்க"ன்னான். விவரமான மனுஷன்னு நினைச்சேன். நினைச்சேனே!

சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே தார் வாசனை. தெரு கன்னங்கரேல்னு மினுங்குது. கல்யாண வீடு மாதிரி எல்லாரும் வெளியே நிக்கிறாங்க. என் வாசல்ல படி இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிமெண்ட் விளிம்பு தெரியுது, அவ்வளவுதான். பழைய ரோட்டை யாரும் தொடக்கூட இல்லை.

இவர் காலையிலேயே கத்திப் பார்த்திருக்கார். வேலையாட்கள் காதில வாங்கலை. எனக்குப் போன் பண்ணியிருக்கார், அது வழக்கம்போல மேஜை டிராயருக்குள்ள கிடந்தது. மைக்கு வீட்டுக்கு ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்திருக்கார். அவ வந்து நின்னா, படியைப் பார்த்தாளாம். அப்புறம் மேஸ்திரிகிட்ட, "சீக்கிரம் முடிங்கப்பா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாளாம். அதுவும் மெதுவான குரல்ல. அதைத்தான் இவர் திரும்பத் திரும்பச் சொல்றார்: "அவளுக்கு அவ்வளவு மெதுவாப் பேசத் தெரியும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அதுவாவது போகட்டும். இப்போ தெருக்காரங்க செல்லுக்கெல்லாம் ஒரு போட்டோ வந்திருக்கு. புது ரோட்டு மேல மைக்கு பல்லெல்லாம் தெரிய நிக்கிறா. பக்கத்தில கான்ட்ராக்டர். ஒரு கன்னம் வீங்கியிருக்கு.

அவனேதான். இங்கே அவன் ஆளுங்க என் படியை மூடிக்கிட்டிருந்த நேரத்துல, க்ளினிக்ல நான் அவனுக்கு நாற்காலி போட்டு, ஃபேனை அவன் பக்கம் திருப்பி, முதல் டோக்கனும் குடுத்திருக்கேன். சொந்தச் செலவுல சூனியம்னு சொல்லுவாங்களே, அது இதுதான்.

லீவு போட்டுடலையேன்னு கேட்டாளே. நான் வீட்டுல இருக்கக்கூடாதுன்னுதானே கேட்டா?

ஜூலை 19, சனி

மைக்கு போனை எடுக்கவே இல்லை. இன்று நேரில் போனேன். கூடத்தில் புதிதாக பிளாஸ்டிக் நாற்காலி வரிசை போட்டிருக்கிறது. வழக்கமாக "வாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்கும் அவள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "உட்காரும்மா, கூப்பிடுவா" என்றார். அவருமா!

மைக்கு வந்தாள். நேராகக் கேட்டேன். "ரோலர் முன்னாடி படுக்கிறேன்னியே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி."

"இஞ்சினியர் எழுதிக்கிட்டுப் போனாரே?"

"சுரண்டிப் போட்டா பாதித் தெருவோட நின்னுடும்னு சொல்லிட்டாங்க. மேலேயே போட்டா முழுத் தெருவும் வரும். மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு எல்லாரும் என் கழுத்தைப் பிடிச்சாங்க. தெரு முழுக்க ரோடு வேணுமா, உன் ஒரு வீட்டுக்குப் படி வேணுமா? நீயே சொல்லு, நான் என்ன பண்றது?"

எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அதைத்தான் மென்றுகொண்டு வந்தேன். இதே கேள்வியை அவள் படியில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே கேட்டிருந்தால்? கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். அப்புறம் ஒருவேளை, "சரி, போட்டுத் தொலை" என்றுகூடச் சொல்லியிருப்பேன். என் புத்தி எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் கேட்கவில்லையே. என்னிடம் கேட்டது ஒரு டோக்கன்தான்.

நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டா. வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 7

மழை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை, அத்தனையும் எங்கள் வீட்டுக்குள் இருந்தது. வழி தெரிந்த சொந்தக்காரன் போல முன்னறை, சமையலறை, பின்கட்டு என்று எல்லா இடத்திலும் நுழைந்திருந்தது. இவர் முழங்கால் வரை நனைந்துகொண்டு, தரையில் இருந்த சாமான்களைக் கட்டிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் மிக்ஸிகள் படுத்திருக்க நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

எதிர்வீட்டு மாடியில் யாரோ சந்தோஷமாகச் சொல்வது கேட்டது: "ரோட்டுல தண்ணியே நிக்கலை பாரேன்!"

ஒரு தையல்காரப் பெண்ணின் மெஷின் மோட்டார் முழுக்க முங்கிவிட்டது. நாளைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாராம். அதை மடியில் வைத்துக்கொண்டு இவர் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனுஷன் வாயே திறக்கவில்லை. எனக்குத் தண்ணியைவிட அதுதான் தாங்கலை.

ஸ்டவ் மேடையில் இருந்ததால் தப்பித்தது. டீ போட்டேன். இரண்டு பேரும் மேடை மேலேயே ஏறி, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து குடித்தோம். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார்.

வார்டு ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். புகார் பதிவாகிவிட்டதாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செல்லுக்குச் செய்தி வந்தது: "தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது. நன்றி." இவரிடம் காட்டினேன். தரையில் சேறு வழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அப்போ இதை நான் கனவுலதான் வழிக்கிறேனா?" என்றார். அப்பாடா, பேச்சு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18

க்ளினிக்குக்கு அந்த அம்மா மறுபடி வந்தார்கள், அன்றைக்கு விடியற்காலையிலிருந்து காத்திருந்தவர்கள். வாய் தானாக "உட்காருங்க" என்று ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். "உள்ளே வேர் சிகிச்சை நடக்குதும்மா. உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், வெளியே போய்ட்டு வாங்க. உங்க நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றேன். நம்பாமல் என்னையே பார்த்தார்கள். நம்பாதது நல்லதுதான். கடைசி வரை எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கொத்தனார் வந்தார். வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். இனிமேல் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்கும்போது விழாமல் இருக்க உள்பக்கம் ஒரு படி. "வெளியே இருக்க வேண்டியதை உள்ளே கட்டறேன், என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை" என்றார் கொத்தனார். "பத்திரமா இருக்கட்டும்னுதான். வெளியே வச்சா முழுங்கிடறாங்க" என்றார் இவர்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தையல்காரப் பெண்ணின் மோட்டாரும் ஒருவழியாக ஓடிவிட்டது.

சாயங்காலம் டீ போட்டு, புதுப் படியில் நானும் இவரும் உட்கார்ந்தோம். தெரு எங்கள் முதுகுக்குப் பின்னால். எதிரே எங்கள் முன்னறைச் சுவர்தான், அதில் மழைத்தண்ணீர் ஏறிய கறை. தெருவைப் பார்த்து உட்கார்ந்த காலத்தில் நான் அரசாங்கத்தைப் பற்றி என்னென்ன பேசியிருக்கிறேன்! இன்று சுவருக்கு எந்தக் கலரில் வெள்ளையடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். மஞ்சள் வேண்டும் என்றேன். கண்ணைக் கூசும் என்றார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, தெரிந்த செருப்பு. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், ரோட்டு மேல் வந்து நின்றது. அப்புறம் மெதுவாக, "நகருடி" என்றாள்.

தட்டில் மூன்றாவது தம்ளர் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நான்தான் ஊற்றியிருக்கிறேன். கைக்கு யாரும் சொல்லவில்லை போல. இவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தம்ளரை எடுத்துத் தடுப்புச் சுவருக்கு மேலாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒரு ஓரமாக ஒதுங்கினால் இன்னொருத்தருக்கு இடம் இருந்தது. அவள் நின்றுகொண்டே குடித்து முடித்தாள். நான் நகரவில்லை.