உங்களைத் தெரியாத நாய்க்குட்டி

இஞ்சாருங்கோ, இன்றைக்குக் காலையில் உங்களுடைய சாரத்தில் ஒரு நாய்க்குட்டி மூத்திரம் பெய்துவிட்டது.

எந்தச் சாரம் என்று கேட்பீர்கள். நீலக் கோடு போட்டது. நெஞ்சுவலி என்று ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்ட அன்று இடுப்பிலிருந்து கழற்றி அறைக் கொடியில் போட்டுவிட்டுப் போனீர்களே, அதுதான். அதற்குப் பிறகு நான் அதைத் தோய்க்கவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "உந்தச் சாரத்தையேன் இன்னும் தொங்கவிட்டு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டால், "அது கிடக்கட்டும்" என்று கதையை மாற்றிவிடுவேன். மனம் கெட்டுப்போகிற நேரங்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதில் முகத்தை வைப்பேன். வேர்வையும் சுருட்டும் கலந்த உங்கள் மணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தாலும் இருந்தது. இந்தச் சனியன் தொங்கிய கரையைப் பல்லால் இழுத்து விழுத்தி, அதன்மேல் சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் தன் வேலையையும் முடித்துவிட்டது.

நான் பேசிய பேச்சு ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். பேசி என்ன செய்வது? கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் விரித்தேன். காய்ந்ததும் எடுத்து மணந்து பார்த்தேன். சவுக்காரம்தான் மணத்தது. விறாந்தைப் படியில் இருந்து அழுதேன். குட்டி பக்கத்தில் வந்து என் சேலைக் கரையைக் கடித்து இழுத்தது.

அது நேற்றுத்தான் வந்தது. நான் கேட்கவில்லை, கண்டீர்களோ. எல்லாம் உங்கள் மகளின் திருகுதாளம். கனடாவில் இருந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் புனிதத்தோடு ரெலிபோனில் கதைத்து ஒழுங்குபண்ணியிருக்கிறாள். கொடிகாமத்திலிருக்கும் தமக்கை வீட்டுக்குப் போன புனிதம், திரும்பி வரும்போது மரக்கறிப் பைக்குள் கத்தரிக்காய்களுக்கு மேலே இதை இருத்திக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"உமக்கென்ன விசரே? ஆரைக் கேட்டுக் கொண்டந்தனீர்?" என்றேன்.

"பிள்ளைதான் சொன்னவ, அக்கா. வீமனும் போனாப்பிறகு அம்மா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, கதைக்கிறேல்லை எண்டு அழுகிறா. கொஞ்ச நாள் வைச்சுப் பாருங்கோ. பிடிக்கேல்லை எண்டால் நான் திருப்பிக் குடுத்திடுறன்."

ஓம், நீங்கள் வளர்த்த வீமனும் போய்விட்டான். அதை உங்களுக்குச் சொல்லாமல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு நிற்கிறேன். போன மாரியில் அவனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மிருக வைத்தியரைக் கூப்பிட்டு ஊசி போட்டோம். முதலில் சோற்றை விட்டான், பிறகு தண்ணீரை விட்டான். ஒரு மத்தியானம் குசினி வாசலில் படுத்திருந்தவன், நான் அடுப்பை நூர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மூச்சில்லாமல் கிடந்தான். நீங்கள் நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழே புனிதத்தின் மனுசன் கிடங்கு வெட்டினார். மண்ணைத் தள்ளும்போது நான் போட்ட சத்தத்தைக் கேட்டால், உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் நின்றது உங்களுக்குக் குறையாகப் படும். அன்றைக்கு வராத அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

நீங்கள் அவனைக் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதோ? பென்சன் எடுத்து வீட்டில் இருக்கத் தொடங்கிய புதிது. மயிலிட்டித் துறைமுகம் திரும்பத் திறந்துவிட்டதாம், நல்ல மீன் வாங்கலாம் என்று காலமையே சைக்கிளில் வெளிக்கிட்டீர்கள். நான் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெறும் பையோடு வந்தீர்கள். வெறும் பை என்று நினைத்தேன், அது அசைந்தது.

"இஞ்சாரும், மீன் ஆனை விலை. இவனைச் சும்மா தந்தாங்கள்" என்றீர்கள்.

"சும்மா தந்தால் பாம்பையும் வாங்கிக்கொண்டு வருவியளே?" என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் நாயும் சைவம் என்று நான் சட்டம் போட்டேன். பருப்பும் சோறும் வைத்தால் வீமன் தட்டைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பான். நீங்கள் திருநீற்றுப் பூச்சோடு, "கந்தோரிலை இருந்த மாதிரித்தான், மேலிடத்து உத்தரவு. நான் ஒண்டும் செய்யேலாது" என்று அவனுக்குச் சொல்லுவீர்கள். பிறகு சைக்கிள் கொட்டிலில் பால்மாப் பேணிக்குள் ஒளித்து வைத்திருந்த கருவாட்டுத் தலையை எடுத்துக் கொடுப்பீர்கள். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? கருவாட்டை ஒளிக்கலாம், மணத்தை எங்கே ஒளிப்பது? கண்டும் காணாத மாதிரி இருந்தேன். உங்களுக்கும் அவனுக்கும் அப்படியொரு களவு தேவையாக இருந்தது.

ஆனால் அந்தக் காகக் கூத்தைத்தான் என்னால் மறக்க முடியாது. நான் வேப்பம்பூ வடகம் போட்டு முற்றத்தில் காயவிட்டால் காகம் கொத்திக்கொண்டு போகிறதென்று, நீங்கள் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி வீமனைப் பழக்கினீர்கள். "வீமா, காகம்!" என்று நீங்கள் சொல்லி முடிக்க முன்னமே அவன் பாய்ந்துவிடுவான். கொஞ்சக் காலத்தில் நீங்கள் சொல்லவும் தேவையில்லாமல் போய்விட்டது. எங்கள் வளவில் ஒரு காகம் கால் வைக்காது. "கவர்ணர் மாளிகைக்கும் இப்பிடிக் காவல் இல்லை" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையடித்தீர்கள். நாளைக்கு உங்களுடைய திவசச் சோற்றை ஆர் எடுக்கப் போகிறார்கள் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீங்கள் போய் ஒரு வருசத்தில் வந்த ஆட்டைத் திவசத்தன்று அது தெரிந்தது. ஐயர் வந்து கிரியை முடித்துப் போனார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, வடை, பாயாசம் எல்லாம் வைத்து இலையைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன். வீமனைக் கொட்டிலில் கட்டியிருந்தேன். காகங்கள் புனிதம் வீட்டுத் தென்னையில் வரிசையாக இருந்து பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. நாங்கள் கா, கா என்று கூப்பிடக் கூப்பிட, கொட்டிலில் இருந்து வீமன் குரைத்தான். பாவம், அவன் தன் வேலையைச் செய்தான்.

சனம் பசியோடு இருக்கிறது. உங்கள் தமக்கை, என்ரை மச்சாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு ஏதோ மனக்குறை. அதுதான் எடுக்கிறான் இல்லை. என்ன வைக்க மறந்தனியள்?" என்று என்னைப் பார்த்தா. பிளேன்ரீ வைத்தோம். சுருட்டு வைத்தோம். அவ கேட்டுக் கேட்டு, கடைசியில் நான் உங்களை ஏதும் மனம் நோகப் பேசினேனோ என்கிற வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. புனிதம்தான் இலையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு மதிலில் வைத்தாள். வைத்த கையோடு காகம் வந்துவிட்டது. சொந்த வீட்டுத் திவசத்துக்குப் பக்கத்து வீட்டில் சாப்பிட்ட மனுசன் இந்தக் கோப்பாயிலேயே நீங்கள் ஒருவர்தான்.

இந்தப் பங்குனியில் வந்த திவசம் அப்படியில்லை. வீமன் மாமரத்தடிக்குப் போய்விட்டான். நான் இலையை வைத்துக் கை எடுக்க முன்னமே காகங்கள் கூட்டமாக வந்து இறங்கின. ஒன்று என் கையில் செட்டையால் அடித்துவிட்டுப் போய் வடையைக் கவ்வியது. "பாத்தியளே, தம்பி நல்ல மனத்தோடை எடுத்திட்டான்" என்று மச்சாள் கும்பிட்டா. எல்லாருக்கும் சந்தோசம். நான் மட்டும் கிணற்றுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இந்த வளவில் உங்கள் சொல் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அன்றோடு அதுவும் நின்றுவிட்டது.

அதனால்தான் இந்தக் குட்டி எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். உங்களைத் தெரியாத ஒரு சீவன் இந்த வீட்டுக்குள் ஓடித் திரிவதை என்னால் தாங்க முடியவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் போன பிறகு வீமன் பட்ட பாட்டை நான் கண்டவள். உங்களைக் கொண்டுபோன வாசல் படலையடியிலேயே கிடந்தான். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாலும், வங்கிக்குப் போய்விட்டு வந்தாலும், எந்த நேரம் வந்தாலும் அவன் அங்கேதான் ஒழுங்கையைப் பார்த்தபடி கிடப்பான். "அவர் வரமாட்டாரடா. வா உள்ளுக்கு" என்று ஒவ்வொரு தரமும் சொல்லித்தான் உள்ளே கூட்டிக்கொண்டு வருவேன். எனக்கும் வயது போய்விட்டது. நாளைக்கு நானும் போய்விட்டால் இந்தக் குட்டி எந்தப் படலையில் கிடக்கும்? ஆள் விட்டுப்போன நாயின் முகத்தை ஒருக்கால் பார்த்தது போதாதா?

சாரம் காய்ந்த கையோடு புனிதத்தைக் கூப்பிட்டு, "இதைக் கொண்டு போம்" என்றேன். படலையில் வீமன் கிடந்த கிடையைச் சொன்னேன், நான் போனால் இதற்கும் அதே கதிதான் என்று சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அதே மரக்கறிப் பையை எடுத்து வந்து குட்டியை உள்ளே வைத்தாள். அது தலையை வெளியே நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது" என்றாள். "வீமன் கடைசிமட்டும் படலையிலை அண்ணையைப் பாத்துக்கொண்டு கிடந்தவன் எண்டோ நினைக்கிறியள்?"

"வேறை ஆரை?"

"முதல் கொஞ்சக் காலம் ஓம். பிறகு அப்பிடியில்லை. நான் எங்கடை கிணத்தடியிலை நிண்டு பாக்கிறனான்தானே. நீங்கள் வீட்டை நிண்டால் அவன் படலைப் பக்கமே போகமாட்டான். உங்களுக்குப் பின்னாலை குசினியும் கிணத்தடியுமாத் திரிவான். நீங்கள் வெளிக்கிட்டால்தான் அங்கை போய்க் கிடப்பான். நீங்கள் முடக்கிலை திரும்ப முன்னமே எழும்பி வாலை ஆட்டுவான். அவன் பாத்துக்கொண்டு கிடந்தது உங்களையக்கா."

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. அவனைப் படலையில் நான் கண்டதெல்லாம் வெளியே போய்விட்டு வரும்போதுதான். வீட்டில் நின்ற நேரமெல்லாம் அவன் என் காலுக்குள் இடறுப்பட்டுக்கொண்டு கிடந்தான், "அங்காலை போடா" என்று கலைத்திருக்கிறேன். செத்ததும் படலையில் இல்லை, என் குசினி வாசலில். இது ஏன் எனக்கு விளங்கவில்லை? உங்களை நினைத்து நினைத்து, அவனும் உங்களைத்தான் நினைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். வந்து சேர்ந்த என்னைப் பார்த்து வாலை ஆட்டியவனுக்கு, வராத உங்களைப் பற்றிச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஆறுதல் கூறியிருக்கிறேன். அவன் என்ன நினைத்திருப்பான், சொல்லுங்கோ.

"என்னக்கா, கொண்டுபோகட்டோ?" என்று புனிதம் கேட்டாள்.

"இறக்கி விடும். நிக்கட்டும்" என்றேன். "ஆனால் ஒண்டு. நான் கண்ணை மூடினால் இவன் உங்கடை வீட்டுப் பிள்ளை. சத்தியம் பண்ணிப்போட்டுப் போம்."

"அதுக்கென்ன, அக்கா" என்று என் தலையில் கை வைத்தாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். குட்டி இறங்கியதும் நேரே என் செருப்பைக் கவ்விக்கொண்டு விறாந்தைக்கு ஓடியது.

இன்னும் பெயர் வைக்கவில்லை. வீமன் என்று கூப்பிட மாட்டேன், அவனுடைய பெயர் அவனோடு இருக்கட்டும். உங்களைப் பற்றி இவனுக்கு நான்தான் சொல்ல வேண்டும். இவன் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை, ஆனாலும் சொல்லுவேன்.

நீங்கள் போன பிறகு, வெளியே போய்விட்டு வருகிற ஒவ்வொரு நாளும், என்னை எதிர்பார்த்திருக்க இனி ஆர் என்று ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது நினைப்பேன். அவ்வளவு நாளும் ஒருவன் எதிர்பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். எனக்கு மிச்சமாக இருப்பது அதுதான். அது பெரிய சொத்து, ஆனால் தூக்க முடியாத பாரம்.

இஞ்சாருங்கோ, நீங்கள் இருக்கிற உங்கை வீமனைக் கண்டால் ஒருக்கால் தலையைத் தடவிச் சொல்லுங்கோ, அம்மாவுக்கு இப்பதான் விளங்கினதாம் எண்டு.