இடது கை தூக்கியவர்கள்

செப்டம்பர் 16, திங்கள்

எங்கள் பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறது. நானும் பழக்குகிறேன். பிரெஞ்சு வாத்தியார், மூன்று வருட வேலை, நிரந்தரமாகி ஒரு வருடம்.

ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை. தெரியாவிட்டால் இடது கை. வாத்தியார் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்புவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் நாற்பது கைகளையும் பார்த்துப் பூரித்துப்போவார். இந்தச் சுரங்க ஊரில் பாஸ்பேட்டுக்கு அடுத்தபடி நாங்கள் தோண்டியெடுத்து அனுப்புவது இதைத்தான். என்னையும் இப்படித்தான் நிரந்தரமாக்கினார்கள்.

இன்று ஆங்கிலத்துக்கு ஸுந்துஸ் வந்து சேர்ந்தாள். எங்கள் பக்கத்துத் தெரு. அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். உதவித்தொகையில் இங்கிலாந்து போய், ஷெஃபீல்டில் ஒரு வருடம் படித்தவள். அங்கிருந்து யாராவது இங்கே திரும்பி வருவார்களா? ஆசிரியர் அறையில் வரலாற்று வாத்தியார் முன்ஸிஃப் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, இங்கிலீஷ்காரன் துரத்திவிட்டுட்டானா?"

"இல்லண்ணே, கொண்டுபோன ஹரிஸா மிளகா விழுது தீந்துபோச்சு. காரமே இல்லாம எத்தன நாள் சாப்பிடறது?"

முன்ஸிஃபுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே சுவர் மெல்லிசு. அவள் பக்கம் சிரிப்பு, சண்டை, தப்புத் தப்பான ஆங்கிலம். என் பக்கம் மையவாடிக் கல்லறைகளின் அமைதி. இதுநாள் வரை அதை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 23, புதன்

இடைவேளையில் சூரைமீன் ரொட்டியைப் பாதி பிய்த்து என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"இங்க நான் இருபதுக்குப் பதினெட்டு மார்க். அங்க போன ரெண்டாம் நாள் பஸ் டிரைவர் என்னமோ கேட்டார். மூணு தரம் கேட்டார். ஒரு எழவும் புரியல. எறங்கி நடந்தே போயிட்டேன். மூணு மாசம் வகுப்புல வாயத் தொறக்கல நிஸார். நம்ம கடைசி பெஞ்சு புள்ளைங்க வருஷம் பூரா எப்படி உக்காந்திருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"பக்கத்துல ஒரு சோமாலியாப் பொண்ணு. ஒருநாள் கைய தூக்கி, 'எனக்கு ஒண்ணுமே புரியல, திரும்பச் சொல்லுங்க'ன்னா. எல்லாரும் சிரிப்பாங்கன்னு நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். யாரும் சிரிக்கல. திரும்பச் சொன்னாங்க. அவ்ளோதான்."

வெளிநாடு போனவர்கள் கடிகாரம், கோட்டு, மூக்கு வழியாகப் பேசும் பேச்சு எல்லாம் கொண்டுவருவார்கள். இவள் கொண்டுவந்தது, தன் வெட்கம் விட்டுப்போன அந்த ஒரு நாளை.

நவம்பர் 14, வியாழன்

மப்ரூகா. கடைசி பெஞ்சு. இரண்டு வருடமாக என் பாடத்தில் வாய் திறந்ததில்லை. அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'மந்தம்' என்று எழுதியவன் நான். இன்று தாழ்வாரத்தில் ஸுந்துஸோடு ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டு போகிறாள்! இடிந்துவிழும் சுவர் மாதிரி ஆங்கிலம். ஆனாலும் நிறுத்தவில்லை.

யார் மந்தம்?

ஜனவரி 21, செவ்வாய்

ஆய்வாளர் பிப்ரவரி 13 அன்று ஸுந்துஸின் வகுப்புக்கு வருகிறாராம். தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் —

பிப்ரவரி 11, செவ்வாய்

"புள்ளைங்ககிட்ட கை விஷயத்தச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"நானும் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். நாலு வருஷம் வலது கை. இனிமே வேணாம்."

"வேல போயிரும்."

"போனா போவுது."

போனால் போகட்டுமா? அவள் அப்பா நுரையீரல் முழுக்கத் தூசியோடு வீட்டில் கிடக்கிறார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அது கேக்காது. நீ பாத்துக்க" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

பார்த்துக்கொண்டேன். அதே பிள்ளைகளுக்குத்தான் நானும் பாடம் எடுக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: தெரிந்தால் வலது, தெரியாவிட்டால் இடது.

"ஸுந்துஸ் டீச்சரே சொல்லச் சொன்னாங்களா சார்?" என்று மப்ரூகா கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எனக்கு அந்த நேரம் வகுப்பில்லை. தாழ்வாரத்தில், கண்ணாடி உடைந்த ஜன்னலோரம் நின்றேன்.

பாடம்: நீங்கள் போய்வந்த விடுமுறைப் பயணத்தை விவரியுங்கள். ஸுந்துஸ் கேள்வி கேட்டாள். நாற்பது கைகள் எழுந்தன. சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள். பாதிக்கு மேல் இடது கை. அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஏதாவது ஒரு வலது கையை எழுப்பியிருந்தால் போதும், நிரந்தரம்.

நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். "மப்ரூகா, நீ சொல்லு."

பிள்ளை தடுமாறி எழுந்தாள். "எனக்குத் தெரியாது டீச்சர். தெரியாதவங்க இடது கைய தூக்கணும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆய்வாளரின் பேனா நின்றது.

"தெரியாட்டி என்ன? என்ன தெரியலன்னு கேளு. இங்கிலீஷ்ல கேளு."

மப்ரூகா ஆங்கிலத்துக்கு மாறினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக் கேட்டாள்: "நான் எங்கயும் போனதில்ல. எங்க தெருவுல யாரும் போனதில்ல. நாங்க என்ன எழுதணும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏன் போகலன்னு எழுது" என்றாள் ஸுந்துஸ்.

அப்புறம் அது வகுப்பாகவா இருந்தது! தண்ணீர் வராத குழாய், அப்பாவின் இருமல், கடலுக்குப் போகும் பேருந்து எங்கள் ஊருக்குள் நிற்காமல் போவது — எல்லாம் ஆங்கிலத்தில். கைகள் எழுந்தபடியே இருந்தன. எது வலது, எது இடது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. மணி அடித்தும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஆசிரியர் வேலை பார்த்த மூன்று வருடத்தில் ஒரு நல்ல வகுப்பைப் பார்த்தது இன்றுதான். அதுவும் உடைந்த ஜன்னல் வழியாக.

பிப்ரவரி 14, வெள்ளி

"நீதானே?" என்று கேட்டாள் ஸுந்துஸ்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"அதான்டா எனக்குப் பயமே. கெடுக்கணும்னு வர்றவனக் கண்டா ஒதுங்கிக்கலாம். நீ எம்மேல வச்ச அக்கறையால எம் புள்ளைங்க வாய அடைச்சுட்ட."

அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. 'பாடத்திட்டத்திலிருந்து விலகல். மாணவர்கள் பிழைகளோடு பேச அனுமதிக்கப்படுகின்றனர்.' நிரந்தரம் இல்லை. அடுத்த வருடம் எல்லையோரக் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றல்.

பிழையோடு பேச அனுமதித்தாளாம்! அதற்கு ஒரு தண்டனை! எங்கள் பள்ளியில் பிழையே இல்லை, ஏனென்றால் யாரும் பேசுவதில்லை. இதை எழுதின கை எந்தக் கை?

நோன்பு திறந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கிராமத்துக்குப் ஷேர் டாக்ஸி எத்தனை மணிக்கு என்று யாரிடமோ போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் அப்பா படுக்கையிலிருந்தே சொன்னார்: "எம்பொண்ணு பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தவ. நடந்துருவா."

ஏப்ரல் 14, திங்கள்

இன்று என் வகுப்பில் சொல்லிவிட்டேன். ஸுந்துஸ் டீச்சர் சொல்லச் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று. பிறகு மப்ரூகா இடது கையைத் தூக்கினாள். வேண்டுமென்றேதான்.

"அந்த அட்டையில மந்தம்னு எழுதினதும் பொய்யா சார்?"

"ஆமா."

"அப்ப அடிச்சுட்டு எழுதுங்க."

எழுதினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நடந்ததையெல்லாம் எழுதிக் கல்வி அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம். முதலாவதற்குப் பதில் வரவில்லை. தலைமையாசிரியர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆசிரியர் அறையில் யாரோ, "இங்க ரெண்டு சந்தைக்கடை ஆயிடுச்சு" என்றார்கள். இரண்டாவது என்னுடையது.

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாவது கடிதத்தை நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

'பிப்ரவரி 13 அன்று அந்த வகுப்புக்குக் கை தூக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஸுந்துஸ் அல்ல. போன வருடம் நான் நிரந்தரமானதும் இதே வித்தையால்தான். என் நிரந்தரத்தை ரத்து செய்யுங்கள். அவளை மறுபடி ஆய்வு செய்யுங்கள். என்னையும் செய்யுங்கள். இந்தத் தடவை சொல்லாமல் வாருங்கள்.'

"எப்ப வருவாங்க?" என்று கேட்டேன்.

குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.