அலமாரிக்குள் ஒரு சதுரம்

மார்ச் 4, திங்கள்

அப்பாவின் அறை ஜன்னல் மூன்று நாளாகத் திறந்தே இருக்கிறது. வாசனை போகவில்லை. வாசனை என்று எழுதுகிறேன் பார். நாற்றம்.

மழை உள்ளே அடித்து, ஜன்னல் மேடையில் இருந்த டாமினோ விளையாட்டுப் பெட்டி நனைந்துவிட்டது. காய்களைத் துணியில் பரப்பிக் காயவைத்தேன்.

சனிக்கிழமை அவரை முதியோர் இல்லத்தில் விட்டு வந்தேன். இரண்டு வாரத்துக்கு மட்டும். "உனக்கும் கொஞ்சம் மூச்சு விடணும்ல," என்றார் காரில். ஹாலிஃபாக்ஸின் மேடுகளில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு இறக்கத்திலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் சாலையை மட்டும் பார்த்தேன்.

ஏன் போனார் என்று எனக்குத் தெரியும். இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 5

எழுதிவிடுகிறேன்.

போன புதன், காலை. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்த பிறகு, எழுந்து குளியலறைக்குப் போவதற்குள் அவருக்குப் போய்விடுகிறது. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. கட்டிலுக்குப் பக்கத்தில், கம்பளத்தின் மேல். நான் வாளியோடு மண்டியிட்டிருந்தேன். "நாய்கூட வெளிய போகணும்னா கதவைப் பிராண்டும்ப்பா! அதுகூடவா உனக்குத் தெரியல?"

கத்தினேன். பக்கத்து வீட்டு லொரெய்ன் பால் கொடுக்க வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அப்பா ஒரு கையால் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரிம்மா," என்றார்.

அடுத்த நாள் அவரே இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

இதையும் எழுத வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டேனே என்பதற்கு முன்னால், லொரெய்ன் கேட்டுவிட்டாரே என்றுதான் வெட்கப்பட்டேன். அந்த வரிசையில்தான் வந்தது.

மார்ச் 7, வியாழன்

அறை முழுக்கப் பதித்திருக்கும் அந்தக் கம்பளத்தை எடுத்துவிட்டுப் புதிது போடப்போகிறேன். அவர் திரும்புவதற்குள்.

கம்பளம் பதிப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா, பூனையா?"

"ஆமா. பூனை."

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணா! நல்லா வளத்திருக்கீங்க."

சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அவர் சொன்ன கூலி நமக்கு ஆகாது. நானேதான் செய்ய வேண்டும். லொரெய்ன், "எதுக்குடி இந்தப் பாடு? வினைல் ஷீட் விரிச்சுத் தொலை. துடைச்சா வேலை முடிஞ்சுது," என்றார். சரிதான். ஆனால் அப்பா வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டார். வெறுங்காலால் அந்தச் சில்லிட்ட வழுவழுப்பை மிதிக்கும் ஒவ்வொரு காலையும், ஏன் போட்டோம் என்று அது அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் ஒரு முறை சொன்னது போதும்.

மார்ச் 8

அப்பாவிடம் பேசினேன். "இங்க தரையெல்லாம் பிளாஸ்டிக் கண்ணு. என்ன கொட்டினாலும் துடைச்சிட்டுப் போயிடறாங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

மார்ச் 9, சனி

சந்தையில் ஒரு சுருளின் கடைசித் துண்டு கிடைத்தது. கம்பளி கலந்தது, பாசிப் பச்சை. அகலம் போதும், நீளம் ஒரு முழம் குறைகிறது. கடைக்காரர், "கட்டிலுக்குப் பின்னாடி யாரு எட்டிப் பாக்கப் போறா, விடுங்க," என்று இன்னும் கொஞ்சம் விலை குறைத்தார். லொரெய்னின் காரில் வைத்து வந்தோம். பாதி சுருள் ஜன்னலுக்கு வெளியே.

கம்பளத்தைச் சுவரோரம் முழங்காலால் உந்தி இழுக்க ஒரு கருவி வேண்டும். லொரெய்னின் கொட்டகையில் அது இருந்தது. "எம் புருஷன் ஓடிப்போறப்ப விட்டுட்டுப் போனதுல உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான்," என்றார்.

அடியில் போடும் ரப்பர் மெத்தையை, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சும்மாவே கொடுத்தார்கள். சுத்தமானது. நம்முடையதைவிட.

மார்ச் 11, திங்கள்

இல்லத்திலிருந்து அழைப்பு. நிரந்தரமாக ஓர் அறை காலியாகிறதாம். "உங்கப்பா இங்கயே இருந்துடறேன்னு கேக்கறார். உங்க விருப்பமும் தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

என் உடம்பு லேசானது. தோள், கழுத்து, எல்லாம். அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் அவர் அறையில் என் மேசையைப் போட்டு, ஜன்னல் பக்கம் திருப்பிக்கூட வைத்துவிட்டேன்.

பிறகு வாயிற்படியில் நின்ற பச்சைச் சுருளைப் பார்த்தேன். யாருக்காக?

மார்ச் 12

பழையதை எடுத்தேன். முழங்கை அகலத்துக்குக் கீறி, சுருட்டி, கயிறு கட்டினேன். அடி மெத்தை மஞ்சள் பொடியாக உதிர்ந்து பலகையில் ஒட்டியிருந்தது. சுரண்டினேன். அப்பாவின் கறை மரத்தில் இறங்கியிருந்தது. நான் இத்தனை நாள் அறை முழுக்க என்று நினைத்தது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான்.

ஜன்னலோரத் துண்டைப் புரட்டியபோது அதன் முதுகில் ஒரு சதுரம் தெரிந்தது. நான்கு பக்கமும் துணி நாடா ஒட்டியிருந்தது. யாரோ ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, வேறொரு சதுரத்தை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினால்தான் ஓரம் தட்டுப்படுகிறது.

இவ்வளவு பொருத்தமான துண்டு எங்கிருந்து?

சுவர் அலமாரியைத் திறந்தேன். அதற்குள்ளும் அதே பழுப்புக் கம்பளம்தான். காலணிப் பெட்டிகளை நகர்த்தினேன். அதே அளவில் ஒரு சதுரம். நடுவில் வெளிறிப்போய், ஆரஞ்சும் வெள்ளையுமாக.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குளியலறைக்குப் பக்கம் என்பதால்தான் போன வருடம் அப்பாவை இந்த அறைக்கு மாற்றினேன். அதற்கு முன் இது என் அறை. எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். முதல் முறை வந்தது. ஜன்னலோரம் கம்பளத்தில் ரத்தம். யாரிடம் சொல்வது? சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து பிளீச்சை எடுத்து வந்து ஊற்றினேன். ரத்தம் போயிற்று. கம்பளத்தின் நிறமும் கூடவே போயிற்று. அதன் மேல் பள்ளிப் பையை வைத்தேன். ஒரு வாரம் பையை அங்கிருந்து நகர்த்தவில்லை. பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது பை நாற்காலியில் இருந்தது. தரை பழுப்பாக இருந்தது.

தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பொய். அப்படி நினைத்துக்கொள்ள முடிவு செய்தேன். குளியலறை அலமாரியில் காகிதப் பையில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்திருந்ததே. அதுவும் தானாகவா வந்தது?

மார்ச் 13

அந்தப் பொட்டலத்தைப் பற்றி லொரெய்னைக் கேட்டேன்.

"ஆமா, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். உங்கப்பா மூஞ்சி தக்காளி மாதிரி செவந்துடுச்சு. 'எதுவும் கேக்காத, வாங்கிட்டு மட்டும் வா'ன்னாரு. அந்த ரெண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டுட்டு உங்க மாடியில என்னமோ பண்ணிட்டு இருந்தாரு. நான்கூட சுவருக்குப் பெயிண்ட் அடிக்கறாருன்னு நெனச்சேன்."

பதினேழு வருடம். ஒரு வார்த்தை இல்லை. ஒரு சாடை இல்லை.

நான் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

பலகையை வினிகரால் கழுவி, காயவிட்டு, கறை மேல் பூச்சு அடித்தேன். சுவரோரம் கம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் முள் பட்டைகள் துருப்பிடிக்கவில்லை, அப்படியே விட்டேன். மெத்தையை விரித்துப் பச்சையைப் போட்டேன். உந்தி உந்தி இரண்டு முழங்காலும் நீலமாகிவிட்டன. ஒரு மூலையில் தவறாக வெட்டிவிட்டேன், ஒட்டுப் போட்டிருக்கிறேன், அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அலமாரிக்குள்ளும் போட்டேன், அதற்காகக் கட்டிலுக்குப் பின்னால் இன்னும் ஒரு முழம் விட்டு. இழை ஜன்னல் பக்கம் சாயும்படி, அறையில் இருப்பது போலவே. லொரெய்ன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, கட்டிலுக்குப் பின்னாடி ரெண்டு முழம் வெறும் பலகையா கெடக்கு. அலமாரிக்குள்ள யாருடி நடக்கப் போறா? அதை வெட்டி இங்க போடு!"

"இருக்கட்டும்," என்றேன். காரணம் சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

இல்லத்துக்குப் போனேன். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை யாரோ ஒன்று மாற்றிப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"ரூமுக்குப் புது கார்ப்பெட் போட்டிருக்கேன்ப்பா."

"எதுக்கு? மறுபடி கெட்டுத்தான் போகும்."

"போகட்டும்."

வழியெல்லாம் தயார் செய்து வந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

"அலமாரியில பாத்தேன்ப்பா. பெட்டிக்கு அடியில."

"எந்த அலமாரி?" டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அந்தப் புதன்கிழமை நான் பேசினது ரொம்பத் தப்பு. நீ இங்க இருக்கணும்னு ஆசைப்பட்டா இரு. ஆனா அதுக்காக இருக்காத. வீட்டுக்கு வாப்பா."

டிவியில் குதிரைகள் ஓடி முடித்தன.

"என்ன கலரு?"

"பச்சை."

"பச்சையா! உங்கம்மா இருந்திருந்தா கொன்னுருப்பா." பிறகு, "நாளைக்கு பஸ்லயே போயிடலாம். நீ வண்டி ஓட்டறது எனக்குப் பிடிக்கல," என்றார்.

மார்ச் 16

வந்துவிட்டார். வெறுங்காலோடு அறையை ஒரு சுற்று நடந்தார். "கட்டிலுக்குப் பின்னாடி விட்டுப்போச்சே," என்றார். அது ஒன்றுதான்.

ஏப்ரல் 2

இரண்டு முறை ஆனது. கழுவினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெருமூச்சு விட்டேன். அவருக்குக் கேட்டது.

மே 7, செவ்வாய்

அப்பாவின் நாற்காலி ஜன்னலோரத்தில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், அறையிலேயே இருட்டான இடத்தில் இருக்கிறது.

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு," என்றார், நான் எதுவும் கேட்காமலே.

அறையில் பிளீச் வாசனை.

மே 9, வியாழன்

மதியம் லொரெய்ன் அவரை டாமினோ ஆடக் கூட்டிப்போனார். இரண்டு மணி நேரம் இருந்தது.

நாற்காலியை நகர்த்தினேன். பச்சைக்கு நடுவே வெள்ளையாக, தட்டு அளவு. கையால் தேய்த்திருக்கிறார், இழை சுருண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் குனிந்திருப்பார், அந்த ஒரு கையோடு?

அலமாரியைக் காலிசெய்தேன். அட்டையை அளவாக வைத்து அலமாரிக்குள் ஒரு சதுரமும், வெள்ளையைச் சுற்றி ஒரு சதுரமும் வெட்டினேன். இழை ஜன்னல் பக்கம். நாடா ஒட்டி, விரலால் ஓரங்களை அழுத்தி விட்டேன். அவர் செய்த அளவுக்கு வரவில்லை. வெள்ளைச் சதுரத்தை அலமாரிக்குள் வைத்து, மேலே காலணிப் பெட்டிகளை அடுக்கினேன். நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன்.

நான்கு மணிக்கு வந்தார். ஜெயித்திருக்கிறார், மாடி ஏறும்போதே லொரெய்னைக் கிண்டல் செய்துகொண்டு போனார். அறைக்கதவு திறந்த சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கீழே அடுப்பங்கரையில் சும்மா நின்றிருந்தேன்.

ஜன்னலோரம் நாற்காலி கிரீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"மார்னி, டீ போட்டியா?"

"போட்டுட்டே இருக்கேன்ப்பா," என்றேன். அதன் பிறகுதான் தண்ணீரே வைத்தேன்.