குளக்கரையில் போட்ட வேட்டு

8-1-2023, ஞாயிறு

இன்று எங்கள் தாராவி கோலியில், இந்த ஒற்றை அறையில், இருந்தவர்கள்: நான், மூத்தவன் நம்பிராஜன், அவன் பெண்டாட்டி விஜயலட்சுமி, ஊரிலிருந்து வந்த இளையவன் சுடலைக்கண்ணன், சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு நஸீரா. பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

ஊரில் குளத்தை ஒட்டி இரண்டரை ஏக்கர் வயல். என் அப்பா எனக்கு எழுதி வைத்தது. நம்பிராஜன் அதைப் பிளாட் போடுகிறவனுக்கு விற்கச் சொல்கிறான். சுடலை இங்கே பேக் பட்டறை வேலையை விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடமாக அதைத்தான் உழுகிறான். குளத்து மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம். அதோடு சேர்ந்து மருந்து அடிக்காமல் நெல் போடப் போகிறான். மூன்று வருடம் விற்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கொக்கு மேய நிலத்தைக் கேக்கான். ஏல, ஒனக்குக் கிறுக்கா?" என்றான் மூத்தவன். "எம்மா காலத்துக்கு அப்புறம் நாந்தான சீரழியணும்?"

என் காலத்துக்கு அப்புறமாம். நான் அங்கேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன்!

கையெழுத்துப் போட்டேன்.

3-3-2024

அறுவடை முடிந்தது. வழக்கத்தில் பாதிகூட இல்லை. தாழ்ந்த வயலைக் குளத்துக்கு வரும் வாத்துகள் தின்னட்டும் என்று அறுக்காமலே விட்டிருக்கிறான்.

விஜயலட்சுமி சிரித்தாள். "இந்த வருசம் வாத்துக்குத்தான் பொங்கல், அத்தை."

சிரிக்கட்டும்.

30-6-2024

நாரைகள் குஞ்சுகளோடு பறந்துவிட்டன. மரத்தடியில் எச்சம் ஊறிக் கிடந்த வண்டலை அள்ளி வயல் முழுக்கக் கொட்டியிருக்கிறான். "இனி உரக்கடைக்காரன் மூஞ்சில முழிக்க வேண்டாம்மா" என்று போனில் ஒரே சிரிப்பு. இவன் சிரித்து எத்தனை வருடம் ஆகிறது?

9-3-2025

ஒரு மூட்டை அரிசி வந்தது. நல்ல விளைச்சலாம், மருந்தும் இல்லை, உரமும் இல்லை. நம்பிராஜன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். ஒரு நல்ல வார்த்தை? ம்ஹும்.

கை கழுவிவிட்டு வாசலில் நின்று பிளாட்காரனிடம் போனில் பேசினான். பறவை இருக்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் அங்கே வீடு கட்ட விட மாட்டார்களாம். இந்தியில் பேசினால் எனக்குப் புரியாது என்று நினைப்பு. நாற்பது வருடம் குழாயடியில் நான் எந்தப் பாஷையில் சண்டை போட்டேனாம்?

13-5-2025

ஊர்க் கோயில் கொடைக்கு எல்லோரும் போய்விட்டு நேற்றுதான் வந்து இறங்கினோம். எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் மாற்றிச் சொல்வான்.

எங்கள் ஊரில் வேட்டு கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது, கொடைக்கும் கிடையாது. பறவை மிரளும்; கொடை நேரத்தில் கூட்டில் குஞ்சும் இருக்கும். நம்பிராஜனுக்கு இது தெரியாதா? அவன் பிறந்ததே அந்த ஊரில்தான்.

வெள்ளிக்கிழமை மதியக் கொடை. எல்லோரும் சாமியைப் பார்த்து நிற்கிறோம். டவுனில் வாங்கி வந்த பத்தாயிரம் வாலாவைப் பற்ற வைத்தான். கோயில் முன்னால் இல்லை. குளக்கரையில், கூட்டு மரத்துக்கு அடியில்!

நாரைகள் மொத்தமாக எழும்பி வானமே வெள்ளையாகிவிட்டது. மரத்திலிருந்து குஞ்சுகள் சொத்துச் சொத்தென்று விழுந்தன. எங்களுக்கு முன்னால் நாய்கள் போய்விட்டன. சுடலை துண்டை வீசி விரட்டிக்கொண்டே கத்தினான் — "யண்ணே, வேண்டாம்ணே! யண்ணே!"

"பம்பாய்க்காரன் கொடைக்கு வந்து ஒரு வேட்டுப் போடாமப் போனா என்னல மரியாதை?" என்றான் நம்பிராஜன். சிரித்துக்கொண்டு சொன்னான்.

அறுபத்துமூன்று. சுடலை ஓலைக் கடகப்பெட்டியில் பொறுக்கிப் போட்டான். கொஞ்சம் உயிரோடிருந்தன. காலும் சிறகும் ஒடிந்து, சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டே கிடந்தன. தாய் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வைக்கோல்போருக்குப் பின்னால் கொண்டுபோய் அவனே ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினான். நான் பக்கத்தில் நின்றேன்.

14-5-2025

ஒரே கோலியில் இன்று முதல் இரண்டு அடுப்பு. மூத்தவனோடு பேச்சில்லை.

11-1-2026

இந்நேரம் மரமெல்லாம் நாரையாக இருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. வண்டலும் இல்லாமல் பயிர் வெளுத்துக் கிடக்கிறதாம். நான் எழுதிக் கொடுத்த மூன்று வருடமும் முடிந்தது.

முடிந்தால் என்ன? விற்க மாட்டேன்.

15-2-2026

சுடலை வந்தான். அவனுக்கென்று என் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். நேரே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். விஜயலட்சுமி கறிக்குழம்பு ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அப்புறம் காகிதத்தை எடுத்தான். "வித்துருவோம்மா. அண்ணங்கூடப் பேசு. நான் மன்னிச்சிட்டேன்."

"அவன் தெரியாமலால வச்சான்?"

"தெரிஞ்சுதான் வச்சான். எனக்குத் தெரியும்மா."

"பெறகு எதுக்குல மன்னிச்ச?"

"அண்ணன்லா."

பேனாவை நீட்டினான். வாங்கிச் சன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டேன். நம்பிராஜன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். சுடலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பொல்லாதவள் என்பதுபோல.

ஒன்பது மாதம் மூத்தவனோடு பேசாமல் இருந்தேன். நான் முதலில் பெற்ற பிள்ளை ஒரு கை தூரத்தில் படுத்துக் காய்ச்சலில் முனகினான். எழுந்து ஒரு வாய் வெந்நீர் கொடுக்கவில்லை. யாருக்காக?

மூத்தவனோடு ஒருநாள் பேசினாலும் பேசுவேன். நான் சாகிறவரைக்கும் மன்னிக்காத ஒருத்தன் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுடலைக்கண்ணன்.