சூசையின் மணி

12 ஆகஸ்டு 1934, ஞாயிறு

மோரிப் கடற்கரைக்குச் சைக்கிளில் போன எங்கள் கூட்டத்தில் சூசை மட்டும் வீடு திரும்பவில்லை. வரும் வழியில், பந்திங் தாண்டியதும், நெஞ்சை அடைக்கிறது என்று இறங்கி ரப்பர் மரத்தடியில் படுத்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. உடலை லோரியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டயர் வெடித்துப்போன என் சைக்கிளையும் அதிலேயே போட்டார்கள்.

"நீ பக்கத்து வீட்டுக்காரன். அவன் சைக்கிள எடுத்துட்டுப் போயி, அவன் பொண்டாட்டி ரெஜினாகிட்ட பக்குவமா சொல்லு," என்றார் எங்கள் சைக்கிள் கிளப் கேப்டன் துரைசாமி. அந்தப் பெண்ணிடம் இதில் என்ன பக்குவம்?

என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் முனையில் பிள்ளைகள் குறுக்கே ஓடும். அதனால் எல்லாரும் மணி அடித்துத்தான் திரும்புவோம். என் பாழாய்ப்போன கட்டைவிரல் பழக்கத்தில் அடித்துவிட்டது. அந்தக் கணகணப்பு வேறு எந்தச் சைக்கிளிலும் கிடையாது. எங்கள் வரிசைக்கே தெரியும், அது சூசையின் மணி.

"வந்துட்டீங்களா? சுடுதண்ணி போட்டு வச்சிருக்கேன், மொதல்ல குளிங்க," என்று உள்ளேயிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

கையில் துண்டோடு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவரு பின்னாடி வராரா அண்ணே?" என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் அழுகை ஓயவில்லை. முனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருந்தால், அவள் சிரித்திருக்க மாட்டாள்.