அசைந்து கொடுத்த மோரிஸ்

மேலப்பாளையத்து ஜைத்தூன் டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். காயல்பட்டினத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும் கணவன் கண்ணில் முதலில் இந்தச் சீட்டுதான் பட வேண்டும்.

"மச்சான், இடியாப்பம் மூடி வச்சிருக்கேன். பாலைக் காய்ச்சிக்கோங்க. பழைய இரும்பு எடுக்கிறவரு இன்னைக்கு வருவாருல்லா, அவரைத் திருப்பி அனுப்பிருங்க. உங்க வாப்பா உங்களை மடியில வச்சு ஓட்டின மோரிஸ் காரை நாம குடுக்கப் போறதில்ல.

'இறுகிப்போன இன்ஜினு, இனி எவனாலயும் அசைக்க முடியாது'ன்னு போன வாரம் சத்தம் போட்டுட்டுப் போனீங்க. நான் வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கேட்டுக்கிட்டு, பிளக்கெல்லாம் கழத்தி, அந்த ஓட்டைல மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து தினமும் ஊத்தி ஊற வச்சேன். இன்னைக்கு விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டுப் போயி, முன்னால ஹேண்டிலைப் போட்டுப் பையச் சுத்தினேன். மொதல்ல முனகிச்சு. அப்புறம் முழுசா ஒரு சுத்து சுத்திருச்சு மச்சான்! உடனே உங்களுக்குச் சொல்லணும்னு எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். கடை தொறக்கல."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"பிளக் ஓட்டைல துணி அடச்சிருக்கேன், எடுத்துராதீங்க. பின்சீட்டுல கோழி அடைகாக்குது, விரட்ட வேண்டாம். நீங்களும் ஒரு தடவை சுத்திப் பாருங்க. ஆனா மொதல்ல சுத்தினது யாருன்னு ஊர்ல கேட்டா, நீங்கதான் என் பேரைச் சொல்லணும்."