நெடி வரலம்மா

அப்பு,

இன்னைக்கு உன் தங்கச்சிக்குச் சுத்திப் போடலாம்னு காஞ்ச மிளகாயும் கல்லுப்பும் கையில எடுத்தேன். உன் நெனப்பு வந்துடுச்சு.

நம்ம வூட்டுல உக்காந்து செய்யற வேலைக்குப் போன மொத ஆளு நீ. உங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு, நான் காசிமேட்டுல இறால் உரிக்கிறவ. நீ ஏசி ரூம்ல போன் எடுத்துப் பேசற வேலைன்னதும் தெருவே பாத்துச்சு. அதான், நீ சோறு எறங்காம, தூக்கம் இல்லாம கெடந்தப்போ கண்ணு பட்டுடுச்சுன்னு நெனச்சேன்.

வெள்ளிக்கிழமையானா உக்கார வெச்சுச் சுத்துவேன். "எங்க டீம் லீடருக்கும் சேத்துச் சுத்தும்மா, அந்தாளுக்குத்தான் பெரிய கண்ணு"ன்னு சிரிப்ப.

ஒரு நாள் சொன்ன: "போன் பண்றவன் கண்டபடி திட்டுவாம்மா. நான் சிரிச்ச கொரல்லயே பேசணும்."

"உங்கப்பன் வாங்காத திட்டாடா?"

"அவரு திருப்பித் திட்டுவாரும்மா."

முட்டி வலியில எனக்கு மாடி எறங்க முடியாது. சுத்தின மிளகாயை நீயும் தங்கச்சியும்தான் கீழ இஸ்திரி வண்டிக் கரியில போட்டுட்டு வருவீங்க. நெடி வரலன்னா பட்ட கண்ணு எரிஞ்சுபோச்சு. நெடி வந்தா அது கண்ணே இல்ல, வேற இன்னாவோ. "நெடி வந்துச்சாடா?"ன்னு கேப்பேன். "துளி கூட வரலம்மா, நீ போய்த் தூங்கு"ம்ப. நானும் தூங்கிடுவேன்.

அப்புறம் ஒரு விடிகாலையில, வேலை முடிஞ்சு தூங்காத கண்ணோட வண்டி ஓட்டிக்கினு வந்து எண்ணூர் ரோட்டுல நின்ன கண்டெய்னர் லாரி மேல மோதி, வூடு வந்து சேராமலே போயிட்ட.

இப்ப உன் தங்கச்சியும் அதே மாதிரி வேலையில கீறா. சோத்தைப் பெசஞ்சிக்கினே உக்காந்திருக்கா. மிளகாயைப் பாத்ததும் அழுதுட்டா.

"ஒரு தபா கூட நெடி வராம இல்லம்மா. இஸ்திரிக்காரரு இருமிக்கினே எங்களைத் தொரத்துவாரு. அண்ணன்தான், அம்மாகிட்ட சொல்லாத, அதுவாச்சும் நிம்மதியா தூங்கட்டும்னு சொல்லும்."

மிளகாயை டப்பாவுலயே போட்டு மூடிட்டேன். "நாளைக்கு லீவு சொல்லுடி. பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்கற டாக்டர் கீறாங்களாம், போவோம்."

"லீவு குடுக்க மாட்டாங்கம்மா."

"குடுக்கலன்னா வேலையே வாணாம். என் கை இன்னும் இறால் உரிக்கும்."

தலையைக் கொண்டாந்து என் மடியில வெச்சா, நீ வெப்பியே, அதே மாதிரி. கோதிக்கினே உக்காந்திருந்தேன். நீ கரியில போட்டுட்டு மேல ஏறி வரப்போ கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குமே, அப்பு. அது மிளகா நெடியா, இல்ல கீழ நின்னு அழுதுட்டு வந்தியா?